நரம்பு மீட்டுக்கொள்ளும் தூது

செமினியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. லயங்களும் மறைந்து வருகின்றன. ஆனால் லயத்து நம்பிக்கையொன்று மாத்திரம் கல் வீட்டிலும் உடன் குடியேறியிருக்கிறது. ஒருத்தி பல வாரங்களாக உண்ணாமலும் உறங்காமலும், எவரோடும் பேசாமலும் மூலையில் அமர்ந்திருப்பாளாயின், அவளைப் பேய் பிடித்துவிட்டதென்பதே அது. பூசாரியும் தாயத்தும் கைவிட்ட பின்னரே வைத்தியரின் நினைவு வருகிறது. அந்நோயின் காரணத்தை உடலுக்குள்ளே தேடிச் சென்றோரின் சரித்திரம் நம்மவர் அறியத் தக்கது.

அச்சரித்திரத்தின் ஒரு வேர் இந்திய மண்ணில் இருக்கிறது. வேர் என்பது இங்கே உவமையன்று. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரைச் சித்தப்பிரமை கொண்டோர்க்கு மருந்தாகக் கொடுப்பது பீகாரில் நெடுநாளைய வழக்கம். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், அது பிரமையையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் சஞ்சிகையொன்றில் எழுதிய பின்னரே மேனாட்டார் கண் விழித்தனர். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரின் சத்தாகிய ரெஸர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உண்டு அழுத்தம் தணிந்தோருட் சிலர் ஆழ்ந்த சோகத்தில் வீழ்ந்தனர். ஆராய்ந்தபோது, நரம்பணுக்களில் சேமித்திருந்த சில இரசாயனங்களை அது வெறுமையாக்குவது தெரிந்தது.

அவை தூது செல்லும் பொருள்கள். ஓர் அணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய வெளியுண்டு. அதனைக் கடந்து செய்தி சொல்வன அவையே. சொல்லி முடித்த தூது என்ன ஆகிறது? அங்கேயே சிதைக்கப்படும் என்றுதான் அறிஞர் பலரும் எண்ணினர்.

அவ்வெண்ணத்தை மாற்றியவர் ஜூலியஸ் ஆக்ஸெல்ராட். நியூயார்க்கில் கூடை முடைந்து பிழைத்த ஏழை யூதரின் மகன். வைத்தியக் கல்லூரிகளால் ஒதுக்கப்பட்டவர். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். நாற்பது வயது கடந்தே டாக்டர் பட்டம் பெற்றவர். பிறப்பைக் கொண்டு அறிவை அளப்போர் இதனைச் சற்றே கவனிப்பாராக! 1961-இல் அவரும் ஹெர்ட்டிங் என்பவரும், பூனைகளின் தலைக்குச் செல்லும் நரம்புத் திரளை ஒரு பக்கம் மாத்திரம் நீக்கி, சில நாட்களுக்குப் பின் கதிரியக்க அடையாளமிட்ட நார் அட்ரினலினைச் செலுத்தினர். நரம்புள்ள பக்கத்தில் அது தங்கியது. நரம்பற்ற பக்கத்தில் ஏறக்குறைய இல்லை. எனவே, விடுத்த நரம்பே தூதைத் திரும்ப உள்ளிழுத்து மறுபடியும் பயன்படுத்துகிறது என்பது புலனாயிற்று. சுவிஸ் வைத்தியர் ரோலாண்ட் கூன் சோகநோய்க்குப் பயன் கண்டு 1957-இல் அறிவித்திருந்த இமிப்பிரமின், அவ்வாசலையே அடைக்கிறது என்பதையும் ஆக்ஸெல்ராட் காட்டினார். 1970-இல் ஃபான் ஆய்லர், பெர்னார்ட் காட்ஸ் இருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

இதனால் சோகமெல்லாம் ஓர் இரசாயனக் குறைவே என்று முடிவு கட்டுவதும் பிழை. அவ்வளவு எளிய கணக்கை இன்றைய ஆராய்ச்சி ஒப்பவில்லை. துக்கமும் வறுமையும் தனிமையும் அந்நோய்க்கு வழி திறக்கின்றன. மேலும், மாத்திரை சில மணி நேரத்தில் வாசலை அடைத்தாலும், மனம் தெளியப் பெரும்பாலும் சில வாரங்கள் செல்லும். அதன் காரணம் இன்னும் ஆராயப்படுகிறது. அவ்வாரங்கள் முடியுமுன்னரே மாத்திரையை எறிந்துவிட்டு, மீண்டும் உடுக்கைக்காரரைத் தேடிப் புறப்படுகிறார்கள்.