வீடு, மனை முதலீடு: ஒத்தி முதல் ஸகாத் வரை

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணம் ஊருக்கு வரும்போது, வங்கி வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம் குடும்பங்கள் அதை நகையிலோ மனையிலோ வீட்டிலோதான் போடுகின்றன. அதனால் ஆலிம்களிடம் வரும் கேள்விகளில் சொத்து முதலீடு பற்றியவை நிறைய. அவற்றில் அடிக்கடி விவாதமாகும் சிலவற்றை இங்கே தருகிறோம். ஒத்தியைப் பற்றியே கூடுதலாக எழுதியுள்ளோம். வட்டியில்லாத வழி என்று நம்பியே பலரும் அதில் இறங்குகிறார்கள்.

ஒத்தி கூடுமா?

சில ஊர்களில் ஒத்தி, சில ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ். பெயர் எதுவானாலும் நடைமுறை ஒன்றுதான். வீட்டுக்காரர் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொள்கிறார். பணம் கொடுத்தவர் வாடகையில்லாமல் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் முழுத் தொகையும் திரும்பி வருகிறது. "கொடுத்த பணம் அப்படியே வந்துவிட்டதே, இதில் வட்டி எங்கே?" என்று கேட்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய் வாடகை போகும் வீட்டை 8 இலட்சத்துக்கு மூன்றாண்டு ஒத்தி வாங்குகிறார் ஒருவர். மூன்றாண்டில் அவர் கொடுக்காமல் விட்ட வாடகை 3,60,000 ரூபாய். அதாவது அவருடைய 8 இலட்சம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஈட்டித் தந்திருக்கிறது. அந்த 8 இலட்சம் திருப்பித் தரவேண்டிய தொகை. ஆகவே அது கடன். கடன் கொடுத்ததற்காக நிபந்தனையிட்டுப் பெறும் பயன் வட்டியே என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நாட்டுச் சட்டமும் இதை மறைக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் போக்கிய அடமானத்தை விளக்கும்போது, சொத்தின் வருமானத்தைப் பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போகக் கூடாது.

ஒத்தியை ஆதரிப்போர், பிற்கால ஹனஃபி அறிஞர்கள் சிலர் அனுமதித்த 'பைவுல் வஃபா'வை எடுத்துக்காட்டுவார்கள். விலையைத் திருப்பிக் கொடுத்ததும் பொருளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்பதுதான் அது. புகாரா பகுதி மக்களின் கடன் நெருக்கடியில் எழுந்த ஏற்பாடு. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அதையும் ஆய்ந்து, பயன் தரும் கடன்தான் அது, கூடாது என்றே முடிவு செய்தது.

'மாதம் நூறு ரூபாய் வாடகை' என்று பத்திரத்தில் எழுதிக்கொள்வதாலும் விஷயம் மாறாது. பெருந்தொகை கொடுத்ததற்காகத்தானே வாடகை நூறாகக் குறைந்தது! ஒத்திக்கு எடுத்த வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்போரும் உண்டு. அங்கே வட்டி மாதாமாதம் ரொக்கமாகவே கைக்கு வருகிறது.

அப்படியானால் மொத்தப் பணம் தேவைப்படும் வீட்டுக்காரர் என்ன செய்வது? மூன்றாண்டு வாடகையை முன்கூட்டியே வாங்கலாம். அதற்காக 3,60,000க்குப் பதில் 3 இலட்சம் என்று ஆரம்பத்திலேயே குறைத்துப் பேசிக்கொள்வதில் தவறில்லை. அது வாடகை, திரும்பி வராது. அல்லது பங்கை விற்கலாம். 40 இலட்சம் பெறும் வீட்டில் 8 இலட்சம் போட்டவருக்கு ஐந்தில் ஒரு பங்கு. வாடகையிலும் ஐந்தில் ஒன்று. விற்கும்போது விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே கணக்கு. "போட்ட தொகையை எப்படியும் திருப்பித் தருவேன்" என்று உறுதி கொடுத்தால் அது மீண்டும் கடனாகிவிடும். வழக்கமான அட்வான்ஸ் வேறு விஷயம். வாடகை சந்தை அளவில் இருந்து, அட்வான்ஸ் பாதுகாப்புத் தொகையாக மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பதே தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம்.

ஸகாத் எதற்கு?

குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கும் இல்லை. கையில் சேர்ந்த வாடகை நிஸாபை அடைந்து ஓராண்டு இருந்தால் இரண்டரை சதவீதம். 1985இல் ஃபிக்ஹ் அகாடமி எடுத்த முடிவும் இதுவே.

விவாதம் சும்மா கிடக்கும் மனையில்தான். விற்று இலாபம் பார்ப்பதற்கென்றே வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருள். ஆண்டுதோறும் அன்றைய சந்தை விலையில், வழிகாட்டி மதிப்பில் அல்ல, இரண்டரை சதவீதம் கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் வாங்கும் நேரத்து நிய்யத்தே அடிப்படை. பிள்ளைக்கு வீடு கட்ட வாங்கிய மனையைப் பிறகு விற்க நினைத்தால், விற்றுப் பணம் கைக்கு வரும்வரை ஸகாத் இல்லை. "பார்க்கலாம், வீடு கட்டினாலும் கட்டுவோம், நல்ல விலை வந்தால் கொடுப்போம்" என்ற அரைமனதும் வியாபார நிய்யத் ஆகாது. விலை ஏறட்டும் என்று நீண்டகாலம் வைத்திருப்பவர், விற்கும்போது ஓராண்டுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது மாலிகி மத்ஹப். நம் ஊர்களில் பின்பற்றப்படாத அதை ஸகாத் நேரத்தில் மட்டும் தேடிப் பிடிப்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

வங்கிக் கடனில் இரண்டாவது வீடு

ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 1999இல் கொடுத்த அனுமதியை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது வேறு வழியில்லாத, சொந்த வீடு இல்லாத குடும்பம் தான் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கானது. அதையே பல அறிஞர்கள் ஏற்கவில்லை. வாடகை வருமானத்துக்காக வாங்கும் வீட்டுக்கு அதில் இடமே இல்லை.

மனைவி பெயரில் வாங்கியது யாருக்கு?

பத்திரப்பதிவுக்கு வசதி என்று மனைவி பெயரில் வாங்குவார்கள். கணவர் மவ்த்தானதும் கேள்வி எழும்: அவர் மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாரா, பெயரை மட்டும் போட்டாரா? அன்பளிப்பாக ஒப்படைத்திருந்தால் அது முழுக்க மனைவியின் சொத்து. வாரிசுப் பங்கீட்டில் வராது. பெயர் மட்டும்தான் என்றால், மற்ற சொத்துகளோடு எல்லா வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. பதில் சொல்ல வேண்டியவர் அப்போது இருக்கமாட்டார். வாங்கும் அன்றே இரண்டில் எது என்பதை ஒரு தாளில் எழுதி, கணவனும் மனைவியும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளையும் வைத்துப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.