ஜாவர் துத்தநாகச் சுரங்கம்: மீண்டதும் மீளாததும்

கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்று மீண்டும் திறக்கப்படும்போது மீட்கப்படுவது தாது மட்டுமா, அத்தாதைக் கையாண்ட அறிவுமா என்னும் வினா தொழில்நுட்ப வரலாற்றில் எழுப்பப்பட வேண்டிய ஒன்றாகும். இராசத்தான் மாநிலத்தில், உதயப்பூருக்குத் தெற்கே ஆரவல்லி மலைப்பகுதியில் அமைந்துள்ள ஜாவர் இவ்வினாவிற்கு விடை தரும் களமாக விளங்குகிறது.

துத்தநாகத்தைத் தாதிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 1000 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். அவ்வுலோகமோ 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். அவ்வாவி காற்றுப்பட்டால் வெண்பொடியாகிவிடும். ஜாவர்க் கைவினைஞர் இவ்விடர்ப்பாட்டை வாலை வடிக்கும் முறையால் வென்றனர். கத்தரிக்காய் வடிவ மண்குடுவைகளில் தாதுக்கலவையை நிரப்பி, உலை ஒன்றுக்கு 36 குடுவைகளாக, வாய் கீழ்நோக்கியிருக்க அடுக்கினர். மேலறையின் வெப்பத்தில் பிறந்த ஆவி கீழறையில் குளிர்ந்து உலோகமாயிற்று. இரசரத்தின சமுச்சயம் என்னும் வடமொழி நூலும் இதனையொத்த முறையை விளக்குகிறது. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் 1738இல் காப்புரிமை பெறுவதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே இங்கு இத்தொழில் பேரளவில் நடைபெற்றுள்ளது.

மராத்தியர் படையெடுப்புகளும் 1812-13ஆம் ஆண்டுப் பஞ்சமும் ஜாவர் கைவிடப்பட்டமைக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1940களில் மெட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனம் அங்குச் சுரங்கப் பணியை மீண்டும் தொடங்கியது. தாது கிடைத்தது, ஆயின் துத்தநாகத்தை உருக்கிப் பிரிக்கும் ஆலை நாட்டில் இல்லை. எனவே செறிவூட்டப்பட்ட துத்தநாகத் தாது கப்பலேறி ஜப்பானுக்குச் சென்றது. துத்தநாகம் வடிப்பதில் முன்னோடியாயிருந்த மண்ணின் தாது, உலோகமாவதற்குக் கடல் கடக்க நேர்ந்தமை கருதத்தக்கது. 1965இல் அரசு அந்நிறுவனத்தை ஏற்றது. 1966இல் இந்துஸ்தான் ஜிங்க் தோன்றியது. 1968இல் உதயப்பூரை அடுத்த தேபாரியில் ஆலை இயங்கத் தொடங்கியது. அங்குப் பின்பற்றப்பட்டதோ மின்பகுப்பு முறையாகும்.

பழைய முறையின் தடயங்கள் மறைந்திருக்கவில்லை. பயன்பட்டுத் தீர்ந்த குடுவைகள் குன்றுகளாகக் குவிந்து கிடந்தன. வீட்டுச் சுவர்களிலும் கற்களுக்கு மாற்றாக அடுக்கப்பட்டிருந்தன. எனினும், அவை பொருந்தியிருந்த உலைகள் 1983இல் நடந்த அகழாய்வில்தான் சிதையாத நிலையில் வெளிப்பட்டன. பிரித்தானிய அருங்காட்சியகம், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம், இந்துஸ்தான் ஜிங்க் ஆகியன இணைந்து மேற்கொண்ட ஆய்வு அது.

ஆக, ஜாவரில் சுரங்கம் திறக்கப்பட்டதற்கும் அதன் தொழிலறிவு துலங்கியதற்கும் இடையே ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்துள்ளன. தாது காத்திருக்கும், கைவழி வந்த அறிவு, கைகள் கலைந்தபின் காத்திருப்பதில்லை. கைவிடப்பட்ட சுரங்கங்களைத் திறப்போர் தாதுவளத்தைக் கணக்கிடும்போதே, அவற்றைச் சூழ்ந்த கசடுகளையும் குடுவைகளையும் ஆவணங்களாகக் கருதிக் காத்தல் வேண்டும் என்பதே ஜாவர் உணர்த்தும் உண்மை எனலாம்.