சோகையும் சோம்பலும்

1896ஆம் ஆண்டு டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் அலோர் காஜா வட்டாரத்திலும் காடுகள் அழிந்தன. கடேக், தெபோங் பகுதிகளில் பால்மரங்கள் நிமிர்ந்தன. மரத்தின் வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். மரத்தடியில் நின்றவனின் சிறுகுடலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பெரட்டுக்கு எழ இயலாதவனையும், சில மரங்கள் சீவியதும் மூச்சிரைக்க அமர்ந்தவனையும் சோம்பேறி என ஏசுதல் எளிது. தமிழ்த் தொழிலாளி அவ்வசையை நெடுங்காலம் சுமந்தான். ஆனால், குற்றம் அவன் மனத்தில் இல்லை. குடலில் ஒட்டியிருந்த கொக்கிப்புழுவில் இருந்தது.

இப்புழுவை 1838இல் மிலான் நகரில் ஆஞ்செலோ டுபினி கண்டறிந்தார். அது உடலுள் புகும் வழியோ அரை நூற்றாண்டுக்கு மேல் மறைந்தே கிடந்தது. கெய்ரோவில் ஆய்வு செய்த ஆர்தர் லூஸ், புழுவின் இளம்பருவம் தம் கைத்தோலைத் துளைத்து நுழைந்ததைத் தற்செயலாக உணர்ந்தார். மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் அது, வெறுங்காலின் வழியே புகுந்து, குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகச் சிறுகுடலுக்கு இறங்குகிறது. அங்கே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே வளர்ந்து, நாள்தோறும் குருதியை உறிஞ்சுகிறது. ஒரு புழு உறிஞ்சுவது சிறிதே. நூற்றுக்கணக்கில் பெருகினால் உடல் வெளிறிச் சோகை பிடிக்கிறது.

நோயை அறிய நுண்ணோக்கி போதும். மலத்தில் முட்டைகள் தென்படும். 1915 முதல் 1917 வரை, ராக்கெபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய சாமுவேல் டார்லிங் குழு மலாயா, ஜாவா, பீஜித் தீவுகளில் ஆராய்ந்தது. மருந்துண்டவரிடமிருந்து வெளியேறிய புழுக்களை அக்குழுவினர் எண்ணினர். நோயின் கடுமை புழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது அதனால் தெளிந்தது.

அந்நாளில் கொடுத்த செனப்போடிய எண்ணெய், அளவு மீறினால் உயிரையே பறிக்கும். 1921இல் மாரிஸ் ஹால் முன்மொழிந்த கார்பன் டெட்ராகுளோரைடும் கல்லீரலுக்குத் தீங்கிழைத்தது. இன்றோ, 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒருவேளை உண்டாலே பெரும்பாலான புழுக்கள் நீங்கும். இழந்த குருதியை மீட்க இரும்புச்சத்தும் வேண்டும்.

எனினும், மருந்து மட்டும் வென்றதில்லை. கழிப்பறையும் காலணியும் இல்லாத இடத்தில் நீங்கிய புழு மீண்டும் புகும். அவ்விரண்டும் தொழிலாளி மறுத்தவை அல்ல, அவனுக்கு மறுக்கப்பட்டவை. ஆகவே, நம் முன்னோரைச் சோம்பேறிகள் என எவரேனும் கூறின், மாணவர் தலைகுனிய வேண்டியதில்லை. குருதி குறைந்த உடலோடும் இம்மண்ணை வளப்படுத்தியவர்கள் அவர்கள் என்பதே வரலாறு.