சாட்சி சொன்ன பெண்களும் கேட்ட ஊரும்

சாட்சி சொல்வது எல்லாருக்கும் ஒரே காரியம் இல்லை. பெரிய மனுசன் சொன்னால் அது தகவல். நம்ம ஆள் சொன்னால் முதலில் விசாரிக்கப்படுவது அவன்தான். நீ எதுக்கு அங்க போன, யார் சொல்லிக் கொடுத்தா, எத்தனை மணி, குடிச்சிருந்தியா? ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் 2022-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு விசாரணையைப் பார்த்தேன். சாட்சி சொன்னவர்களைவிட, அதைக் கேட்ட ஊர் என்ன செய்தது என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது.

2020 நவம்பரில் நடந்த ஜனாதிபதி தேர்தலில் டிரம்ப் தோற்றார். தோற்றதை ஒத்துக்கொள்ளவில்லை. மாநில அதிகாரிகளை நெருக்கினார். 2021 ஜனவரி 6 அன்று அவருடைய ஆட்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். இதை விசாரிக்க நாடாளுமன்றம் அமைத்த குழுவின் தலைவர் பென்னி தாம்ப்சன், மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பர். 2022 ஜூன் 9 அன்று ஒரு பகிரங்க அமர்வு. அடிமைமுறையையும் கு கிளக்ஸ் கிளானையும் கும்பல் கொலையையும் நியாயப்படுத்திய மண்ணிலிருந்து தான் வருவதாகவும், இன்று கலகக்காரர்களை நியாயப்படுத்தும் குரல்கள் அந்த இருண்ட வரலாற்றை ஞாபகப்படுத்துவதாகவும் அவர் சொன்னார். சுமார் 2 கோடிப் பேர் அன்று டி.வி.யில் பார்த்தார்கள். ஃபாக்ஸ் நியூஸ் மட்டும் அதை நேரலையாகக் காட்டவில்லை.

ஜூன் 21 அன்று ஷே மாஸ் என்ற கறுப்பினப் பெண் சாட்சி சொல்ல வந்தார். பின்னால் அவருடைய அம்மா ரூபி ஃபிரீமன் உட்கார்ந்திருந்தார். இருவரும் ஜார்ஜியா மாநிலம் ஃபுல்டன் கவுண்டியில் ஓட்டு எண்ணியவர்கள். மகள் பல வருசமாகத் தேர்தல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓட்டுரிமை எவ்வளவு பெரிய விஷயம், நம்ம குடும்பத்துப் பெரியவங்களுக்கு அது இல்லாமல் இருந்தது என்று பாட்டி சொல்லிச் சொல்லி வளர்ந்ததாக மாஸ் சொன்னார்.

அந்த மாநிலத்தில் டிரம்ப் தோற்றது 11,779 ஓட்டில். ஓட்டு எண்ணிய அரங்கின் கேமராப் பதிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, இந்தப் பெண்கள் கள்ள ஓட்டைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள் என்று டிரம்பின் வக்கீல் ரூடி ஜூலியானி குற்றம் சாட்டினார். முழுப் பதிவையும் பார்த்த மாநில அதிகாரிகள், அது வழக்கமாக ஓட்டு வைக்கும் பெட்டிதான் என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். ஜூலியானி விடவில்லை. அம்மாவும் மகளும் போதை மருந்துப் புட்டி கைமாற்றுவது போல யூஎஸ்பி கைமாற்றினார்கள் என்றார். அது என்னவென்று குழு கேட்டது. "இஞ்சி மிட்டாய்" என்றார் மாஸ்.

கறுப்பர் கையில் எது இருந்தாலும் போதை மருந்து என்று சொன்னால் எடுபடும் என்பது ஜூலியானிக்குத் தெரிந்திருக்கிறது. நம்ம பிள்ளை கையில் புது செல்போன் இருந்தால், எங்கடா திருடினே என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கும் இது தெரியும்.

2021 ஜனவரி 2 அன்று மாநிலச் செயலாளர் ராஃபென்ஸ்பெர்கரிடம் போனில் பேசிய டிரம்ப், 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அந்தப் பேச்சில் ரூபி ஃபிரீமன் பெயரை 18 தடவை சொன்னார். நாட்டின் ஜனாதிபதி ஒரு சாதாரணப் பெண்ணை, தொழில்முறை ஓட்டு மோசடிக்காரி என்றார். மிரட்டல்கள் வந்து குவிந்தன. இது 1920 இல்லை, 2020 என்று சந்தோஷப்பட்டுக்கோ என்பது மகளுக்கு வந்த ஒன்று. 1920 என்றால் மரத்தில் தொங்கவிட்டிருப்போம் என்று அர்த்தம். பாட்டி வீட்டுக்குள் ஆட்கள் நுழையப் பார்த்தார்கள். வீட்டைவிட்டுப் போய்விடும்படி எஃப்.பி.ஐ. சொன்னதால் அம்மா சுமார் ரெண்டு மாசம் வெளியே தங்கினார். என் பெயரைத் தொலைத்துவிட்டேன், கடையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயமாக இருக்கிறது என்றார். அந்தக் கேமராப் பதிவில் இருந்த நிரந்தர ஊழியர் ஒருவர்கூட இன்று அந்த வேலையில் இல்லை என்றார் மகள்.

சிலப்பதிகாரத்தில் பூதச்சதுக்கம் வரும். ஒரு பத்தினியின் மேல் பொய்க்கரி சொன்னவனைச் சதுக்கப் பூதம் கயிற்றில் கட்டிப் பிடித்துத் தின்னும். கோவலன் தன் உயிரைத் தருகிறேன் என்று கெஞ்சியும் விடாது. தமிழில் சாட்சிக்குக் கரி என்றும் ஒரு பெயர். பொய்க்கரிக்கு உடனே தண்டனை என்பது காப்பியக்காரரின் ஆசை. அட்லாண்டாவிலும் அப்படி ஒரு பூதம் இல்லை, மதுரையிலும் இல்லை. பொய் சொன்னவன் டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தான். பழி விழுந்தவள்தான் வீட்டைவிட்டு ஓடினாள்.

இந்தச் சாட்சியத்துக்கு மூன்று விதமான எதிர்வினை வந்ததாக நான் பார்க்கிறேன். ஒரு கூட்டம் கண்கலங்கியது. ஒரு கூட்டம் நம்பவே இல்லை. அரிசோனா சபாநாயகர் ரஸ்டி பவர்ஸ், டிரம்பின் கட்சிக்காரர், வெள்ளைக்காரர், அதே நாளில் சாட்சி சொன்னார். அடுத்த மாசமே கட்சி அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆகஸ்டில் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். விசாரணைக் குழுவின் துணைத் தலைவர் லிஸ் செனியும் அதே மாசம் தோற்றார். ஆக, நம்பாதவர்களைச் சாட்சியம் மாற்றவில்லை.

மூன்றாவது கூட்டம்தான் பெரிசு. அது நம்பியது, தலையாட்டியது, போதும்ப்பா என்று சேனலை மாற்றியது. இந்த அலுப்புக்கு அந்த நாட்டில் 150 வருச வரலாறு இருக்கிறது.

அடிமைமுறை ஒழிந்து கறுப்பர்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க ஆரம்பித்ததும், கிளான் கும்பல் இரவில் வந்து அடித்தது, கொன்றது. 1871-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. முன்னாள் அடிமைகள், ஆணும் பெண்ணும், வந்து சாட்சி சொன்னார்கள். 13 தொகுதிகள் அச்சானது. அதற்கு எதிர்த்தரப்பு கொடுத்த பதில், ரத்தச் சட்டையை ஆட்டிக் காட்டாதே என்பது. செத்தவனைப் பற்றிப் பேசினால் அது அரசியல் பிழைப்பு என்று அர்த்தம். 1875-இல் மிசிசிப்பியில் துப்பாக்கியைக் காட்டித் தேர்தலைப் பிடுங்கினார்கள். கவர்னர் ஏம்ஸ் ராணுவம் கேட்டார். இந்தத் தெற்கத்திக் கலவரங்களில் பொதுமக்கள் அலுத்துப் போய்விட்டார்கள் என்று ஜனாதிபதி கிராண்ட் தரப்பிலிருந்து பதில் வந்தது. மறுவருசம் செனட் குழு ஒன்று ரெண்டு தொகுதி சாட்சியம் திரட்டியது. பிடுங்கிய ஆட்சி பிடுங்கியவர்களிடமே இருந்தது.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்கணும். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்கர்களுக்குத்தான் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி'யை 1873-இல் சமர்ப்பித்தார். ரெண்டே வருசத்தில் அந்த அமெரிக்கா அலுத்துப்போனது.

1964 ஆகஸ்ட் 22. மிசிசிப்பியின் குத்தகை விவசாயி ஃபேனி லூ ஹேமர், ஓட்டுரிமைக்காகப் பதியப் போனதற்கு வீட்டைவிட்டு விரட்டப்பட்டதையும் ஜெயிலில் அடிபட்டதையும் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழு முன் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி, நேரலையைத் தன் பக்கம் திருப்பினார். டி.வி.க்காரர்கள் ராத்திரி அந்தப் பேச்சைப் போட்டார்கள், நாடே பார்த்தது. கட்சி கொடுக்க முன்வந்தது ரெண்டே ரெண்டு இடம். வேண்டாம் என்று ஹேமரின் ஆட்கள் திரும்பினார்கள். மறுவருசம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

நமக்கும் இந்தக் கதை புதுசில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஓட்டில் முடிந்ததை அரிவாளால் மாற்றும் வேலை அது. பயத்தை மீறிச் சாட்சி சொன்னதால்தான் 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019-இல் அரசே 13 பேரைத் தண்டனைக் காலம் முடியுமுன் விட்டது. 2024-இல் டிரம்ப் மறுபடி ஜெயித்தார், ஜார்ஜியாவிலும்தான். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்புக் கொடுத்தார். அலுத்துப்போன ஊர் ரெண்டையும் பார்த்துக்கொண்டு இருந்தது.

அலுத்துப்போக முடிகிறவர் யார்? அடிபடாதவர். ராத்திரி கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்து உட்காருகிறவளுக்கு அலுப்பு வராது.

அப்படியானால் சாட்சி சொல்லி என்ன புண்ணியம் என்று தோழர்கள் கேட்கலாம். புண்ணியத்துக்கு இல்லை. 2023 டிசம்பரில் அந்தத் தாயும் மகளும் போட்ட அவதூறு வழக்கில், ஜூலியானி 14.8 கோடி டாலர் கொடுக்கணும் என்று ஜூரி சொன்னது. சொன்னது பொய் என்று அதற்கு முன்பே அவர் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2025-இல் சமரசம் செய்துகொண்டு, இனி அவர்களைப் பற்றிப் பேசமாட்டேன் என்றார். அழுத கூட்டத்தால் இது நடக்கவில்லை. தேதியோடு, பெயரோடு, விடாமல் சொன்னதால் நடந்தது.

கறுப்பருக்கு ஆளத் தெரியவில்லை, அதனால்தான் அந்த ஆட்சி விழுந்தது என்று பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பல வருசம் எழுதினார்கள். 1935-இல் டூ பாய்ஸ் அதை மறுத்துப் பெரிய புத்தகம் எழுதினார். அந்த டூ பாய்ஸுக்குத்தான் 1946-இல் பாபாசாகேப் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். அவர்கள் சொன்னது எழுத்தில் இருந்ததால்தான் கேட்க முடிந்தது. அந்த 13 தொகுதிகளைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் திறந்தபோது, அதில் அடிமையாக இருந்தவர்களின் சொந்தக் குரல் இருந்தது.

கேட்கிறவன் அலுத்துப்போவான். அதை வைத்து நம்ம சொல்லை நாம் சுருக்கிக்கொள்ளக் கூடாது. ஊர் ஊராகப் போய், யார் மனு போட்டதற்கு அடி வாங்கினார்கள், யார் ஜெயித்தும் நாற்காலியில் உட்கார விடவில்லை என்று நாள் நட்சத்திரத்தோடு எழுதி வைக்கும் வேலை பாக்கி கிடக்கிறது.