ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட்

ஓசூர் சிப்காட்டில் முலாம் பூசும் பிரிவின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். காலையில் முதல் வேலை, டி.எம். தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்ப்பது. தெளிவாக இருந்தால் தொட்டிக்குப் போகும். பால் போலக் கலங்கினால் குளோரைடு உப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

2020 கொரோனா காலம். ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்ட இ-பாஸ் கேட்ட நாட்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டம்ளரோடு வந்தார்.

"சார், வெள்ளித் தண்ணி. கிருமியைக் கொல்லுமாம். பேரனுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன். சரியா வந்திருக்கா பாருங்க."

வீட்டம்மாவின் பழைய கொலுசு ஜோடியை போர்வெல் தண்ணீரில் தொங்கவிட்டு, 9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடுத்திருக்கிறார். தண்ணீர் பால் நிறத்தில் இருந்தது.

பார்த்ததுமே புரிந்தது. அது பெரும்பாலும் வெள்ளிக் குளோரைடு. கூழ்ம வெள்ளி அல்ல. கூழ்மத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் அதிகமாகப் பாயும், துகள் பெருத்து அடியில் தங்கிவிடும். வெள்ளி 99.9 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும். கொலுசில் கலந்த செம்பும் சேர்ந்து கரையும். எவ்வளவு வெள்ளி கரைந்தது என்று வீட்டில் அளக்கவும் வழியில்லை.

வெள்ளிக்கு மருத்துவத்தில் பழைய மரியாதை உண்டு. 1880-களில் ஜெர்மனியில் கிரெடே என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு, பார்வை பறிபோவதைத் தடுத்தார். 1889-இல் அமெரிக்கர் கேரி லீ கூழ்ம வெள்ளி தயாரிக்கும் முறையை வெளியிட்டார். 1940-களில் பெனிசிலின் வந்ததும் வெள்ளி ஒதுங்கிக்கொண்டது. கடைகளில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் நானோ வெள்ளியைக் குடிநீர் வடிகட்டியில் வைத்தார்கள். அங்கேயும் தண்ணீரில் கசியும் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. டம்ளரை மொட்டைமாடி வெயிலில் வைக்கச் சொன்னேன். சாயங்காலம் பார்த்தால் ஊதா கலந்த சாம்பல் நிறம்.

"பழைய ஃபோட்டோ ஃபிலிமில் நடந்ததும் இதுதான். தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் தங்கி, வெளிச்சம் பட்டு இப்படித்தான் கறுக்கும். பிறகு பழைய நிறம் வராது. அமெரிக்காவில் பால் கராசன் என்பவர் வீட்டிலேயே செய்து குடித்து நீல மனிதராகவே வாழ்ந்தார், 2013-இல் இறந்தார்" என்றேன்.

வாசலில் விளையாடிய பேரனைப் பார்த்தார். "பையன் மாநிறம்தான் சார். அதுவே இருக்கட்டும்" என்று டம்ளரைக் கையில் எடுத்தார்.

கொலுசில் ஒன்று மட்டும் கறுத்துப்போனதற்கு அவர் வீட்டம்மா இன்னும் கணக்குக் கேட்கிறாராம்.