முதல் வைன் எது?

யாழ்ப்பாணம் முழுக்க ‘வைன் ஸ்டோர்ஸ்’ எண்டு போட் தொங்குது. உள்ளுக்குப் போனால் விலைப்படுவது சாராயமும் பியரும்தான். பேர் மட்டும் வைனுக்கு. எங்கட வட்டத்தில் சிலர் “வைன் குடிச்சுப் பாக்கவேணும், எதில தொடங்குறது?” எண்டு கேட்டபோது, பிரெஞ்சுப் பெயர்ப் பட்டியல் ஒன்றை நீட்ட எங்களுக்கு மனமில்லை. தமிழர் வாயில் வைன் பட்ட கதையைத் தேடிப் போனோம்.

அது பழைய கதை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் கையேடு, முசிறியில் இறங்கிய பொருட்களில் வைனையும் சேர்க்கிறது; அதிகமில்லை என்றும் சொல்கிறது. குஜராத்துப் பரூச் துறைமுகத்தாரோ இத்தாலிய வைனைத்தான் விரும்பினார்களாம். ஆக, தெரிவு அன்றைக்கே இருந்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடற்கரைச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிறகு அவற்றை ஆராய்ந்தவர்கள், கணிசமானவை கோஸ் தீவின் சாடி வகை என்றார்கள். கோஸ் வைனுக்கு ஒரு விசேஷம், அதற்குள் கடல்நீர் கலப்பார்கள். ரோமானியர் கேட்டோ அதன் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். உவர்க் கிணற்றோடு மல்லுக்கட்டும் மண்டைதீவாருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்: ஒரு தீவு தன் உப்பையும் போட்டு விற்ற வைன்தான் தமிழ்க்கரைக்கு வந்த முதல் வைன்களில் ஒன்று!

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு வாழ்த்துச் சொல்லும்போது யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் வார்த்துக் கொடுப்பதைப் பாடுகிறார். அவர் அதற்குப் புதுப்பெயர் வைக்கவில்லை. ‘தேறல்’ என்கிறார். தெளிந்த கள்ளுக்கும் அதே சொல்தான். வெளிநாட்டுச் சரக்கையும் உள்ளூர்க் கள்ளையும் ஒரே சொல்லில் வைத்துப் பார்த்த காலம் அது.

பிற்காலத்தில் அந்தச் சமம் உடைந்தது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் மொழியிலிருந்துதான் பீப்பாவும் தவறணையும் வந்தன. அவர்கள் ஊரில் பீப்பா வைன் நிரப்புவது, தவறணை வைன் விற்பது. எங்கட ஊரிலோ தவறணை எண்டால் கள்ளு விற்கிற இடம். வைன் கோயிலுக்குள் போனது. பூசைக்குத் திராட்சை வைன் கட்டாயம்; ஆனால் பாத்திரத்தில் குடிப்பவர் குருவானவர் மட்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான், அதுவும் சில சந்தர்ப்பங்களில், மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்தது. கத்தோலிக்கர் நிறைய வாழும் எங்கட தீவுகளில் ஞாயிற்றுக்கு ஞாயிறு கண்ணால் கண்டும் நாக்குக்கு எட்டாத வைன் அது.

கள்ளின் கதை வேறு. பனையில் ஏறிச் சீவினவரைச் சாதி சொல்லி ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் இறக்கினதை வேலிக்குப் பின்னால் நின்று பிளாவில் குடித்தவர்கள்தான் ‘பெரிய மனிசர்’. 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபிறகு தொழிலாளர் கையில் கொஞ்சம் காசு நின்றது. மரியாதை அந்த வேகத்தில் வரவில்லை. இண்டைக்கும் வைன் குடிக்கிறன் எண்டால் நாகரிகம், கள்ளுக் குடிக்கிறன் எண்டால் கேவலம். எங்களுக்கு இதில்தான் கோபம்.

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வைனும் உண்டு. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய றோசேரியன் சபையின் வழிவந்த கன்னியர் மடத்தில் ‘ரொசெற்றோ’ என்ற வைன் செய்து விற்கிறார்கள். நெல்லி ரசமும் முந்திரிகை ரசமும் கூட உண்டு. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்களுக்கு முந்திரிகை எண்டால் திராட்சைதான்.) கறுவாவும் கராம்பும் மணக்கும் இனிப்பு வைன் அது. இனிப்புப் பல குறைகளை மூடிவிடும், சூட்டையும் மறைத்துவிடும். தொடங்குகிறவர் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு சின்னக் கோப்பையில் குடிக்கட்டும்.

ஆனால் எங்கட தெரிவில் முதல் பாடம் கள்ளுத்தான். விடியக் குடித்தால் இனிப்பு, பின்னேரம் அதே முட்டியில் புளிப்பு: நொதித்தல் என்றால் என்ன என்பதை அதைவிட விளக்கமாக எந்தப் போத்தலும் சொல்லாது. அதற்குப் பிறகு ரொசெற்றோ. பிறகு இனிப்பில்லாத சிவப்பு வைன். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கு கயர்க்கும். அது பழுதில்லை, முந்திரிகைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. அதை ஒடியல் கூழோடு மட்டும் வைக்காதீர்கள். மீனும் உறைப்பும் சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவைதான் மிஞ்சும். கூழுக்கு வெள்ளை வைன் தேவலை. இன்னொன்று, கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு நாலைந்து, வைனில் பன்னிரண்டு பதின்மூன்று. பிளாக் கணக்கில் வைனை வார்க்கக்கூடாது.

வாங்குவதற்கு 21 வயது ஆகவேணும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதில் எங்களுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் எங்கட வட்டத்தில் பாதிப்பேர் பெண்கள். தவறணையில் பெண்ணுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். பொற்கிண்ணத்தில் வார்த்துக் கொடுக்கலாம், மடத்தில் காய்ச்சிப் போத்தலில் அடைக்கலாம், கடையில் காசு நீட்டி ஒன்றைத் தெரிந்தெடுக்க மட்டும் கூடாதாம்.