கடனை மறந்த ஆண்டு



யூபிலி ஆண்டு என்றதும் நமக்குப் புனிதக் கதவும் திருப்பயணமும்தான் நினைவுக்கு வருகின்றன. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் பேசுவதோ நிலத்தையும் கடனையும் பற்றி. 50-ஆம் ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் வீடு திரும்பவேண்டும். 2000-ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டு, ஏழை நாடுகளின் கடனைப் பெருமளவு குறைக்கவோ முழுவதும் நீக்கவோ வேண்டுமென்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994-இல் எழுதினார்.

அந்தக் கடன் எப்படி வந்தது? 1970-களில் எண்ணெய்ப் பணம் மேலைநாட்டு வங்கிகளில் குவிந்தது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள். சயீர் நாட்டைச் சுரண்டிய மொபுட்டுவுக்கும் கடன் கிடைத்தது. பிறகு வட்டி ஏறியது, செம்பு விலை விழுந்தது. 1982-இல் மெக்சிகோ கையை விரித்தது. ஆப்பிரிக்காவில் பள்ளிக்கும் மருந்துக்கும் போகவேண்டிய பணம் வட்டிக்குப் போயிற்று.

சர்வாதிகாரி வாங்கிய கடனை ஏழைக் குழந்தை ஏன் அடைக்கவேண்டும் என்று கேட்டார்கள் இடதுசாரிகள். தள்ளுபடி செய்தால் ஊழல் ஆட்சியாளனுக்குத்தான் கொண்டாட்டம், ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி என்றார்கள் வலதுசாரிகள். பயிர்க்கடன் தள்ளுபடியை அறிந்த நமக்கு இரண்டு பேச்சும் புதிதல்ல. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

1998 மே 16 அன்று, வல்லரசுத் தலைவர்கள் கூடிய பர்மிங்காம் நகரில் சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அமெரிக்காவிலோ, வெளிநாட்டு உதவியைக் காலமெல்லாம் எதிர்த்த செனட்டர் ஜெசி ஹெல்ம்ஸும், அலபாமாவின் பழமைவாத உறுப்பினர் ஸ்பென்சர் பாக்கஸும் கடன் நீக்கத்தை ஆதரித்தார்கள். வறுமைக்கு யார் காரணம் என்பதில் அவர்கள் இடதுசாரிகளோடு ஒத்துப்போகவில்லை. விவிலியத்தின் யூபிலிக் கட்டளைக்குச் செவிகொடுத்தார்கள், அவ்வளவுதான். 2000-இன் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் 43.5 கோடி டாலர் ஒதுக்கியது.

மிச்சமாகும் பணம் ஏழைகளுக்கே செலவாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. ஊழலுக்கு அஞ்சியவர்களின் குரல் அதில் கேட்கிறது. தான்சானியா 2001-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. பிள்ளைகள் இலட்சக்கணக்கில் வந்து சேர, வகுப்பறைகள் போதவில்லை.

சாம்பியாவின் கடனும் 2005-இல் பெரிதும் குறைந்தது. ஆனால் 2020-இல் அந்நாடு மீண்டும் தவணை தவறியது. இந்த முறை கடன் கொடுத்தவர்களில் சீனாவும் தனியார் முதலீட்டாளர்களும் இருந்தார்கள். பேசித் தீர்க்கவே ஆண்டுகள் பிடித்தன.